பத்தாவது ஆள்

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
12.01.2025

அன்புள்ள அர்ஷாக் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மதினியும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன். இங்கே நானும் மகள் நஸ்ரியாவும் சுகம். உங்கள் மச்சானும், பார்க்கிறவர்கள் சொல்வதற்குச் சுகம்தான்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பீர்கள். என்னுடைய ஃபோன் பழுதாகிப் போனபின் வீட்டில் இருப்பது அவருடையது ஒன்றுதான். வருகிற ஒவ்வொரு செய்தியையும் அவர் பார்த்து, குரல் பதிவையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொல்வார். துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் போட்டில் எஞ்சின் டிரைவராக இருந்த மனிதர், கையில் கிடைத்ததைக் கழற்றிப் பார்க்காமல் விட மாட்டார். அதனால்தான் கடிதம். பதிலை என் பள்ளிக்கூட முகவரிக்குப் போடுங்கள்.

இரண்டு வருடமாக அவருக்கு இரத்தம் தடித்த வருத்தம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அது என்ன வருத்தம் என்று டொக்டருக்கும் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பேரை நான் எழுத மாட்டேன். முதலில் கொடுத்த மருந்து கேட்காமல் போய், பிறகு மாற்றிய இந்திய மாத்திரைதான் அவரை எழுப்பி நடமாட வைத்தது. மாதாமாதம் நானே போய் எடுக்கிறேன். பெட்டியையும் உள்ளே இருக்கும் விளக்கத்தாளையும் ஆஸ்பத்திரிக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு, மாத்திரைகளை ஒரு விட்டமின் போத்தலுக்குள் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

நேற்று மருந்து கொடுக்கும் ரிஷாத் தம்பி மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், ஜூனுக்குப் பிறகு இது வராது போல இருக்கு. ஏதோ வெளிநாட்டு ஒப்பந்தமாம். கொழும்பில யாரும் இருந்தா விசாரிச்சுப் பாருங்க."

கொழும்பில் எனக்கு நீங்கள்தானே இருக்கிறீர்கள். அரசாங்கத் திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிற காக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று நான் இங்கே பெருமை பேசிக்கொண்டு திரிகிறவள். விசாரித்து எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
தங்கை சப்ரினா

கொழும்பு
27.01.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மதினிக்கு முழங்கால் வலி, எனக்கு வேலைப் பளு. மற்றப்படி அல்ஹம்துலில்லாஹ். உன் கையெழுத்து இன்னும் கரும்பலகையில் எழுதினதுபோல் குண்டு குண்டாகத்தான் இருக்கிறது. தபால்காரருக்குக் கண்ணாடி தேவைப்பட்டிராது.

விசாரித்தேன். ரிஷாத் சொன்னது சரி.

நாடு ஒரு வெளிநாட்டோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் செய்திருக்கிறது. நமது ஆடையும் கறுவாவும் மீனும் அங்கே வரியில்லாமல் போகும். பதிலுக்கு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று புலமைச் சொத்துப் பாதுகாப்பு. ஒரு கம்பனி புது மருந்து கண்டுபிடித்தால், அதை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்த தாள்களை இங்கே பதிவுக்குக் கொடுக்கும். பிறகு அதே மருந்தை மலிவாகச் செய்கிறவர்கள் வந்து, "எங்களுடையதும் அதே மருந்துதான், சோதனைக்கு அந்தத் தாள்களைப் பாருங்கள்" என்று சொல்லிப் பதிவு எடுப்பார்கள். இனி எட்டு வருடத்துக்கு அப்படிச் சொல்ல ஏலாது. அந்தத் தாள்கள் கம்பனியின் சொத்து. இந்தியக்காரர் தாங்களும் முதலிலிருந்து சோதனை செய்ய வேண்டும். இந்தச் சின்ன நாட்டுக்காக எவன் செய்வான்?

ஜெமீல் மச்சானின் மாத்திரை இதுவரை தற்காலிக அனுமதியில்தான் வந்திருக்கிறது. அது ஜூன் 30 உடன் முடிகிறது. முதல் கம்பனியின் மாத்திரை கடையில் கிடைக்கும். ஆனால் வீட்டை விற்றாலும் அது ஆறு மாதத்துக்குக் காணாது.

இரத்தப் புற்றுநோய் என்ற பேரை எழுத நீ பயப்படுகிறாய். எனக்கும் அது சுகமான வேலையாக இல்லை. வேறு வழி தேடுகிறேன். நீ பயந்து மெலிந்து போகாதே, பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் குரல் வேண்டும்.

வஸ்ஸலாம்.
அர்ஷாக்

திருகோணமலை
09.02.2025

காக்காவுக்கு ஸலாம். மதினியின் காலுக்கு எண்ணெய் அனுப்புகிறேன், சூடாக்கிப் பூசச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை ஓய்வறையில் இருந்து மூன்று தரம் வாசித்தேன். நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையின் கணக்கைப் பார்த்து எழுதினால் நானும் கண்டிப்பேன்தான். ஆனால் சரியான விடையைக் கண்ணால் கண்ட பிறகு, எட்டு வருடத்துக்கு அதை எழுதாமல் இரு என்று எந்த டீச்சரும் ஒரு பிள்ளைக்குச் சொல்ல மாட்டாள். இதை எழுதினவர்களுக்குப் படித்த புத்தி எங்கே போயிற்று?

இவர் இப்போது நன்றாக இருக்கிறார், காக்கா. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. காலையில் ஜன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருப்பார். கோதுமைக் கப்பல் வந்தால் எந்த டக் இழுக்கிறது, யார் ஓட்டுகிறான், எங்கே பிழை விடுகிறான் என்று எனக்கு விளக்கம் சொல்வார். நேற்று, "நோம்பு முடிய நான் வேலைக்குப் போவன் புள்ள. நான் இல்லாம அந்த எஞ்சினக் கொன்டுபோடுவானுகள்" என்றார். நான் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன்.

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பந்தத்தை எழுதின ஆள் எந்த மேசையில் குந்தியிருந்து எழுதினாரோ, அவருடைய குடும்பத்திலும் ஒருவருக்கு இந்த வருத்தம் வரட்டும். வந்து, மாத்திரைக்குக் கையேந்தி நிற்கட்டும். அப்போது தெரியும்.

வேறு வழி என்று எழுதினீர்கள். அது என்ன என்று உடனே எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
சப்ரினா

கொழும்பு
22.03.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். எண்ணெய் கிடைத்தது, மதினி மாடிப்படி ஏறுகிறாள். ஆறு கிழமை பதில் போடாமல் இருந்ததற்கு வேலையைச் சாட்டலாம். நோன்பு நாளில் பொய் எழுத மனம் வரவில்லை.

அந்த ஒப்பந்தத்தின் புலமைச் சொத்து அத்தியாயத்தைத் தமிழில் எழுதினவன் நான்தான். மூன்று மொழியிலும் வர வேண்டும் என்பது சட்டம். போன வருடம் ஐப்பசியில் என் மேசைக்கு வந்தது. நாற்பத்திரண்டு பக்கம். மருந்து, சோதனைத் தாள், எட்டு வருடம் என்று ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிப் போட்டேன். நல்ல தமிழ் என்று பணிப்பாளர் பாராட்டினார். மச்சானின் மாத்திரை ஒரு தரம்கூட என் ஞாபகத்துக்கு வரவில்லை. கேட்டாயே, படித்த புத்தி எங்கே போயிற்று என்று, அது சொல் தேடப் போயிருந்தது. நீ திட்டினது என் குடும்பத்தைத்தான். உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை.

ஆனால் எழுதினவன் என்பதால் ஒன்று தெரியும். அத்தியாயத்தின் கடைசியில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. அதைத் தமிழில் வாசித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வேறு எந்த மருந்தும் வேலை செய்யாத நோயாளிகள் குறைந்தது பத்துப் பேர் சத்தியக்கடதாசி கொடுத்தால், அந்த மருந்துக்கு விதிவிலக்குக் கொடுக்கலாம். கடைசி நாள் மே 31. உங்கள் டொக்டரிடம் சொன்னேன். அவர் நாடு முழுக்கத் தேடி ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். இந்த மாத்திரை எடுக்கிறவர்களே அவ்வளவு குறைவு.

பத்தாவது ஆள் மச்சான். படிவம் இத்துடன் இருக்கிறது. நோயாளி தன் பேரையும் நோயின் பேரையும் தானே எழுதி, சமாதான நீதவான் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் சொல்லிவிடு, தங்கச்சி. சொல்லித்தான் ஆக வேண்டும்.

அர்ஷாக்

திருகோணமலை
06.04.2025

காக்காவுக்கு,

ஸலாம். பெருநாள் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

மொழிபெயர்த்த கதையை வாசித்தேன். அந்தச் சாபத்தை எழுதின கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அதைப் பற்றி இனி நாம் கதைக்க வேண்டாம்.

படிவத்தில் இவரைக் கையெழுத்துப் போடச் சொல்ல என்னால் ஏலாது.

இவருடைய காக்கா றுமைஸை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஈரலில் வந்தது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொன்ன அன்று வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர். சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், பிள்ளைகளைக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மாதம் இருப்பார் என்றார்கள், பதினெட்டு நாளில் முடிந்தது. அடக்கிவிட்டு வந்த அன்று இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வந்தாச் சொல்லிராத புள்ள. தெரிஞ்சா நானும் காக்காவப் போலத்தான்" என்றார். நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தனான்.

மருந்து இல்லாவிட்டால் எத்தனை மாதம் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அந்தப் பேரைச் சொன்னால் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். இன்னொரு ஆளைத் தேடச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.
சப்ரினா

திருகோணமலை
20.05.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆறு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கோபம் என்று விளங்குகிறது. இன்னொரு ஆள் கிடைக்கவில்லை என்றும் விளங்குகிறது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, "அடுத்த வருசம் ரெண்டு பேரும் ஹஜ்ஜுக்குப் பேர் குடுப்பம்" என்றார். நஸ்ரியாவை உம்மா வீட்டில் விடலாம், நான் பள்ளிக்கூடத்தில் லீவு எடுக்கலாம் என்று எல்லாம் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். பயணப்பை எந்த அளவில் வாங்குவது என்பதுகூட முடிவாகிவிட்டது. நான் ஓம் ஓம் என்றேன். அன்று பின்னேரமே உங்கள் படிவத்தை எடுத்தேன்.

நானே நிரப்பி, நானே அவருடைய கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். அவர் கடலில் நின்ற காலம் முழுக்க வங்கிக்கும் பள்ளிவாசலுக்கும் மின்சாரக் கந்தோருக்கும் அந்தக் கையெழுத்தைப் போட்டவள் நான்தான். அவர் போட்டால்தான் பிழையாகும். சமாதான நீதவான் ஜமால்தீன் மாமா, ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்று கேட்கவே இல்லை. "உங்கட குடும்பத்த எனக்குத் தெரியாதா" என்று சொல்லி முத்திரை குத்திவிட்டு இஞ்சித் தேத்தண்ணீரும் தந்தார். நாம் எல்லோரும் காலங்காலமாக அப்படித்தானே செய்கிறோம்.

நோயின் பேரை நான்தான் எழுத வேண்டி வந்தது. தொலைபேசி எண்ணை மட்டும் எழுதவில்லை. பள்ளிக்கூட எண்ணைப் போட்டால் அதிபர் தொடக்கம் காவலாளி வரை தெரிந்துவிடும். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது பாவமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரே நிரப்பியிருந்தாலும் எழுதியிருக்கக்கூடிய உண்மையைத்தானே எழுதியிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
சப்ரினா

கொழும்பு
03.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கோபம் இல்லை. டொக்டரோடு சேர்ந்து இன்னொரு ஆளைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மே 29 அன்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்துப் பேரின் கடதாசிகளையும் ஒன்றாகக் கட்டி, எண் போட்டு எடுத்தார்கள். தொலைபேசி எண் இல்லாத படிவத்தை ஏற்க மாட்டோம் என்று கவுண்டரில் ஒரு சின்ன இடைஞ்சல் வந்தது. என் எண்ணைப் போட ஏலாது, அங்கே பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். சமாளித்துவிட்டேன். அந்த எண்ணுக்கு யாரும் எடுத்துக் கதைக்கப் போவதில்லை, எல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் என்று அந்த ஆளே சொன்னார்.

ஜூலைக்குள் முடிவு வரும். இப்படி ஒரு பிரிவைக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லையாம். பத்துப் பேரும் சரியாக இருந்தால் மறுக்க இடமில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. மச்சானுக்கு என் ஸலாமைச் சொல்லு. பயணப்பையை நான் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லு. வேண்டாம், சொல்லாதே. நாம் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாதல்லவா.

அர்ஷாக்

திருகோணமலை
20.07.2025

காக்காவுக்கு,

ஸலாம். அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள்.

முடிவு வந்ததா? இங்கே மாத்திரை நின்றுவிட்டது. ஜூலை முதல் கிழமை போனபோது ரிஷாத் தம்பி வெறும் தட்டைக் காட்டினார். சென்னைக்குப் போன ஆளிடம் நீங்கள் சொல்லிவிட்ட இரண்டு பெட்டியையும் பதிவில்லாத மருந்து என்று விமான நிலையத்திலேயே எடுத்துவிட்டார்கள் என்று மதினி ஃபோனில் சாடையாகச் சொன்னா. கையில் பத்தொன்பது மாத்திரை மிச்சம் இருந்தது. பாதி பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன். விட்டமின் புதுசாகச் சின்னதாக வருகிறது என்று சொன்னேன். நம்பிவிட்டார்.

ஆள் மாறிப்போனார், காக்கா. களைப்பு வந்துவிட்டது, இரவில் உடுப்பு நனைய வியர்க்கிறது. ஜன்னலடியில் இருக்கிறார், ஆனால் கப்பலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. போன மாதமே எனக்குப் பிடிபட்டது. ஒருநாள் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். யாரோ ஃபோனில் எடுத்தார்கள். "நீங்க ஆள் மாறி எடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். யார் என்று கேட்டேன். "இன்சூரன்ஸ்காரப் பொம்புள" என்றார். அன்று சோறு தின்னவில்லை. வருத்தம் அன்றிலிருந்தே கூடத் தொடங்கியிருக்க வேண்டும்.

ஒன்றைத்தான் நினைத்து நினைத்து எனக்கு நித்திரை இல்லை. என் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களா? என்னால்தான் எல்லாம் பிழையாகிப் போயிற்றா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

சப்ரினா

ஓர்ஸ் ஹில்
24.08.2025

மச்சான் அர்ஷாக்குக்கு,

ஸலாம். நான் கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும். பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள், உங்கள் தொழில்தானே. கந்தோர் முகவரியை நஸ்ரியாவின் பழைய கொப்பியில் தேடி எடுத்தேன். சப்ரினா உம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

எனக்கு இரத்தப் புற்றுநோய். போன வருடமே தெரியும். அவள் விட்டமின் போத்தலில் போட்டுத் தந்த மாத்திரையின் முதுகில் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் இருந்தன. எஞ்சினில் ஒரு வால்வைக் கழற்றினாலும் அதில் இருக்கும் இலக்கத்தைப் பார்த்துத்தான் அது என்ன சாமான் என்று பிடிப்போம். அதை ஃபோனில் அடித்துப் பார்த்தேன். படத்தோடு வந்தது. என்ன வருத்தத்துக்கு, என்ன விலை, எல்லாம் வந்தது.

அவளிடம் சொல்லவில்லை. சொல்லாதே என்று கேட்டவன் நான், கேட்டபடி அவள் நடக்கிறாள். ஆஸ்பத்திரியால் வந்து செருப்பைக் கழற்றும்போதே "விட்டமின் எடுத்தீங்களா" என்று கேட்பாள். அந்த முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் சொல்ல வராது. எனக்குத் தெரியாது என்று நினைக்கிறபடியால்தான் அவள் நிற்கிறாள். அதற்காகத்தான் வேலைக்குப் போவேன் என்பதும், ஹஜ்ஜுக்குப் போவோம் என்பதும். றுமைஸ் காக்காவைப் போல நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை மச்சான். படுக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

ஜூன் 17 ஒரு அழைப்பு வந்தது. ஏதோ கந்தோரில் இருந்து ஒரு தங்கச்சி, நல்ல தமிழ். நீங்கள் சத்தியக்கடதாசி கொடுத்திருக்கிறீர்கள், நாம் கதைப்பது பதிவாகிறது, உங்களுக்கு என்ன வருத்தம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றாள். என் தொண்டையை உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் எஞ்சின் அறையில் கத்திப் பழகினது, மெதுவாகக் கதைக்க வராது. சப்ரினா இரண்டு எட்டில் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டு நின்றாள். மீன் வெட்டின சத்தம் நின்றுவிட்டது. அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். "நான் அந்த ஆள் இல்லத் தங்கச்சி. நீங்க ஆள் மாறி எடுத்திருக்கீங்க" என்று சொன்னேன். அப்படியென்றால் உங்கள் கடதாசியை நீக்கிவிடுகிறோம் என்றாள். "நீக்குங்க" என்றேன். மீன் வெட்டுகிற சத்தம் திரும்பவும் கேட்டது.

அது என்ன கடதாசி என்று எனக்கு அப்போது தெரியாது. அது மருந்துக்கான கடதாசி என்று மாத்திரை பாதியானபோது விளங்கியது. சின்ன விட்டமினாம். உடைத்த பக்கத்தில் தூள் ஒட்டிக்கொண்டு இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு அந்த எண்ணுக்கு எடுத்தேன். பத்துப் பேர் வேண்டும், ஒருவர் இல்லை என்று சொன்னதால் ஒன்பதாகிவிட்டது, முடிவு எழுதியாயிற்று, இனித் திறக்க ஏலாது என்றாள். நான்தான் அந்த ஆள் என்று கத்தினேன். மன்னியுங்கள் ஐயா என்றாள். அவளும் யாரோ வீட்டுப் பிள்ளைதானே.

என்னை விடுங்கள். மற்ற ஒன்பது பேர் இருக்கிறார்கள். பேர் தெரியாது, ஊர் தெரியாது. தங்கள் வருத்தத்தைத் தங்கள் வாயால் சொன்னவர்கள். அவர்களுக்கும் மாத்திரை இல்லாமல் போனது என் வாயால். ஜன்னலால் பார்க்கிறேன், எவ்வளவு பெரிய கப்பலும் இந்தத் துறைமுகத்துக்குள் வந்து போகிறது. நான் எத்தனையை இழுத்து விட்டவன். பத்துப் பேருக்கு வேண்டிய மாத்திரை ஒரு சோற்றுப் பெட்டிக்குள் அடங்கும்.

என் எண்ணை யார் கொடுத்தது என்று யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு உதவி. இது சப்ரினாவுக்குத் தெரியக் கூடாது. நான் மௌத்தான பிறகும் தெரியக் கூடாது. தன் காதில் விழும் என்று பயந்துதான் நான் இல்லை என்றேன் என்று அறிந்தால் அவள் மிச்ச நாளெல்லாம் தன்னையே தின்பாள். உங்களை நம்பி எழுதுகிறேன்.

ஜெமீல்

கொழும்பு
14.09.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மச்சானுக்கு இரத்தம் ஏற்றினார்கள் என்று மதினி சொன்னாள். அடுத்த கிழமை லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன்.

முடிவு வந்துவிட்டது. மறுத்துவிட்டார்கள். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். நாலைந்து தரம் எழுதிக் கிழித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: உன் கையெழுத்தில் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை. உன் படிவத்தால் ஒன்றும் பிழையாகவில்லை. இதை நீ நம்ப வேண்டும். பத்துப் பேரில் ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். ஏன் என்று தெரியாது. எந்த ஊர், யார் என்றும் எனக்குத் தெரியாது. ஒன்பது பேருக்கு விதிவிலக்கு இல்லை. அந்தப் பத்து என்ற எண்ணைத் தமிழில் எழுதினவனும் நான்தான்.

மச்சானுக்குப் பக்கத்தில் இரு. அவர் எதைக் கதைத்தாலும் கேட்டுக்கொண்டு இரு.

அர்ஷாக்

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
20.11.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் இவருடைய மையித்தை அடக்கிவிட்டுப் போன பிறகு உங்களுக்கு ஒன்றும் எழுதவில்லை. நேற்று நாற்பதாம் நாள் கத்தம் ஓதினோம். டக் போட் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நஸ்ரியா வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் கொடுத்தாள், அழவில்லை. நான் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் அறைக்குள் ஒதுங்கி இருக்கிறேன். அவருடைய கதிரையையும் உள்ளே எடுத்துப் போட்டிருக்கிறேன்.

கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது, காக்கா. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். போவதற்கு இரண்டு நாளைக்கு முன்னாலும், "விட்டமின் முடிஞ்சிட்டுதா புள்ள, பரவாயில்ல, பிறகு வாங்குவம்" என்றார். என் சத்தியத்தை நான் காப்பாற்றிவிட்டேன்.

ஃபோன் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஆனாலும் கடிதமே எழுதுகிறேன். இதை வாயால் சொல்ல எனக்கு ஏலாது. அந்தப் பின்வாங்கின ஆளை நான் மன்னிக்க மாட்டேன். உங்களைச் சபித்தபோது தெரியாமல் சபித்தேன். இப்போது தெரிந்து கேட்கிறேன். பத்துப் பேரின் உயிர் தன் வாயில் இருந்தது என்று அவருக்குத் தெரியாதா? ஒரு சொல் சொல்ல என்ன பாரம்? தொழுது முடிந்ததும் ஒவ்வொரு நாளும் ஜெமீலுக்காகக் கேட்கிறேன். கேட்டு முடித்த கையை இறக்காமலே அந்த ஆளுக்கு எதிராகவும் கேட்கிறேன். அவர் அடங்குகிற கப்ர் அவரை நெருக்கட்டும் என்று கேட்கிறேன். பேர் தெரியாமல் கேட்பது முகவரி எழுதாத கடிதத்தைத் தபாலில் போடுவதுபோல் இருக்கிறது.

உங்கள் கந்தோரில் விசாரித்தால் தெரிய வரும். பத்துப் பேரில் ஒருவர்தானே. அவருடைய பேரை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

இனிப் பள்ளிக்கூட முகவரி தேவையில்லை. வீட்டுக்கே போடலாம்.

வஸ்ஸலாம்.
தங்கை சப்ரினா